மூணாவது மாடியில படம் நிக்குது

ஒரு கேம் ஸ்மூத்தா ஓடுதா இல்லையான்னு சொல்ல எனக்கு மீட்டரே வேணாம், கன்ட்ரோலரைக் கையில குடுத்தாப் போதும். பெருமைக்குச் சொல்லல, இது ஒரு வியாதி. மத்தவங்க கதை பாப்பாங்க, சண்டை பாப்பாங்க. நான் கேமராவை இடதும் வலதுமா சுத்திச் சுத்திப் பாத்துட்டு "ஜெர்க் அடிக்குது"ம்பேன். அதனால ஆபீஸ்ல எனக்கு ஜெர்க்குன்னே பேரு. வெச்சது வேற யாரும் இல்ல, கூடப் பொறந்த அண்ணன்.

அவனும் அதே ஆபீஸ். அவன் பொண்டாட்டி, எங்க அண்ணி, அவங்களும் அதே ஆபீஸ். மொத்தமே அஞ்சு பேர் இருக்கிற கேம் கம்பெனியில மூணு பேர் ஒரே வீட்டு ஆளுங்க. "நான் கம்பெனி நடத்துறனா, இல்ல உங்க குடும்பத்துக்கு ரூம் வாடகைக்கு விட்டிருக்கனான்னு எனக்கே புரியலப்பா"ன்னு பாஸ் பொலம்புவாரு. அஞ்சாவது ஆளு தாடி. விளையாடிப் பாத்துக் குத்தம் சொல்றது அவன் வேலை. அவன் பொறந்ததே அதுக்குத்தான்.

நாங்க செஞ்ச கேம் என்னன்னா, ஒரு பழைய லாட்ஜ். உள்ள ஒருத்தரும் கிடையாது. கையில டார்ச்சை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு மாடியா நடந்து, என்ன ஆச்சுன்னு நீங்களே கண்டுபிடிக்கணும். ரூமு, படிக்கட்டு, வராந்தா எல்லாம் அண்ணன் கட்டினது. சத்தம் அண்ணி. அதுல கேக்குற காலடிச் சத்தம்கூட அண்ணி அவங்க ஷூவைப் போட்டுக்கிட்டு மரப்பலகை மேல நடந்து பதிவு பண்ணதுதான். என் வேலை, இது எல்லாத்தையும் வழுக்கிட்டு ஓட வைக்கிறது.

அது என்ன பெரிய வேலைன்னு கேப்பீங்க. எங்கம்மாவும் அதைத்தான் கேக்குது. சொல்றேன். கேம்ல எதுவுமே நகராது. எல்லாம் நின்ன படம்தான். ஒரு செகண்டுக்கு அறுபது படத்தை மெஷின் வரைஞ்சு வரைஞ்சு தள்ளும், நம்ம மூளை அதைக் கோத்து "நடக்குது"ன்னு நம்பிக்கும். ஸ்கிரீனை ஒரு பஸ்ஸுன்னு வெச்சுக்கோங்க. சரியான நேரத்துக்கு வரும், சரியான நேரத்துக்குப் போயிடும், யாருக்காகவும் நிக்காது. ஒரு படம் ரெடியாக இம்மி லேட் ஆச்சுன்னா, அந்த பஸ் போச்சு, அடுத்ததுக்குத்தான் ஏறணும். நடுவுல கண்ணுக்கு என்ன தெரியும்? போன படமே இன்னொரு தடவை. அதுதான் ஜெர்க். கண்ணு சிமிட்டுற நேரம்கூட இல்ல. ஆனா ஒடம்புக்குத் தெரிஞ்சுடும். படியில எறங்கும்போது இன்னொரு படி இருக்குன்னு நெனச்சுக் காலை வெப்போமே, அந்த மாதிரி ஒரு திக்.

எங்க லாட்ஜ்ல அந்தத் திக் ஒரே ஒரு எடத்துலதான். மூணாவது மாடி வராந்தா, பாதி தூரம் போனதும், இடது பக்கம் ஒரு மொட்டைச் சுவர். அங்க போனா படம் நிக்கும். மறுபடி நிக்கும். நாலு எட்டு தாண்டினா சரியாயிடும்.

மொதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல, அண்ணி. அதுவும் கண்ணால இல்ல, காதால.

"ஏ ஜெர்க்கு, இங்க வாடி. இந்த எடத்துல கால் கீழ படுறதுக்கு முன்னாடியே சத்தம் வருது பாரு."

படம் தடுக்கி நின்னாலும் சத்தம் நிக்காது, அது பாட்டுக்கு ஓடும். அதனால அந்த எடத்துல மட்டும் காலடி இம்மி முன்னாடி கேக்கும். ஹெட்போன் போட்டுக் கேட்டா, நமக்கு ஒரு எட்டு முன்னாடி இன்னொருத்தர் போற மாதிரியே இருக்கும்.

"பேய்"ன்னு தாடி அன்னைக்கே தீர்ப்பு சொல்லிட்டான். "பேய் கேம்ல நெஜப் பேய். விளம்பரத்துல போடுங்க பாஸ், பிச்சிக்கும்."

அண்ணன் அப்ப இருந்தான். அவன் சீட்ல இருந்தே திரும்பாம, "அதை நான் பாத்துக்கறேன்"னான். பாக்கல. அடுத்த வாரம் கீழ லிஃப்ட்டுக்கு நின்னுட்டிருந்தவன் பை தோள்ல இருக்க அப்படியே சரிஞ்சுட்டான், அப்புறம் எந்திரிக்கவே இல்ல. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. எந்த அறிகுறியும் இருக்காதாம். காலையில என்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தவன். "முப்பது படம் சீரா வந்தாப் போதும்டி, அறுபது கேட்டு எல்லார் உசுரையும் வாங்காத. உன் கண்ணுல என்ன மீட்டரா வெச்சிருக்க?"ன்னான். நான் போடான்னேன். அவ்ளோதான்.

அண்ணி கொஞ்ச நாள்ல வேலைக்கு வந்துட்டாங்க. வீட்டுல இருந்தா செவுத்தைப் பாத்துட்டுத்தான் இருக்கணும்னாங்க. லிஃப்ட்ல ஏற மாட்டாங்க, அஞ்சு மாடியும் படிதான். வேலை சரியா செஞ்சாங்க, தாடி கடிச்சா பதிலுக்குக் கடிச்சாங்க. ஆனா மத்தியானம் எங்களோட சாப்பிட வர்றதை மட்டும் நிறுத்திட்டாங்க. எல்லாரும் டப்பாவைத் திறக்கும்போது அவங்க ஹெட்போனை மாட்டுவாங்க, கேமைத் திறப்பாங்க, மூணாவது மாடிக்குப் போவாங்க.

தண்ணி எடுக்கப் போற மாதிரி போய்ப் பின்னாடி நின்னு பாத்தேன். வராந்தாவுல பாதி தூரம் நடந்தாங்க. அந்த மொட்டைச் சுவருகிட்ட நின்னாங்க. திரும்பி சுவத்தைப் பாத்தாங்க. கேமரா அசையவே இல்ல. ஒரு எட்டு பின்னாடி, ஒரு எட்டு முன்னாடி. திக். மறுபடி பின்னாடி, மறுபடி முன்னாடி. திக்.

"அண்ணி, சாப்பிடலாம்ல?"

ஹெட்போனை ஒரு காதுல இருந்து எடுத்தாங்க. "உங்கண்ணன் ஏதாவது முக்கியமா சொல்றதுக்கு முன்னாடி மூச்சை இழுத்து ஒரு நொடி நிறுத்துவாரு, தெரியுமா உனக்கு?"

தெரியும். எங்கப்பாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

"இது அதேதான்டி"ன்னாங்க. "இங்க நின்னா அவரு ஏதோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கு. நீ போய்ச் சாப்பிடு, நான் வரேன்."

வரல.

இது இப்படியே ஓடியிருக்கும். ஆனா கேமை வெளியிடறதுக்கு முன்னாடி கேம் விளையாடுற பெட்டி, கன்சோல், அதைச் செய்யுற கம்பெனிக்காரங்களுக்கு அனுப்பி ஓகே வாங்கணும். அவங்க விளையாடிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. மத்தது எல்லாம் அருமையாம். மூணாவது மாடி வராந்தாவுல ஃப்ரேம் விழுதாம், அதான் படம் தடுக்குதாம். சரி பண்ணிட்டு இன்னொரு தடவை அனுப்பணும். தேதியும் சொல்லிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போகலன்னா அடுத்த வாய்ப்பு எப்பவோ.

பாஸ் என்னையும் அண்ணியையும் தாடியையும் கூப்பிட்டு உக்கார வெச்சாரு.

"ஏம்மா ஜெர்க்கு, இவ்ளோ நாளா இதைப் பாக்காம என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"பாத்தேன் பாஸ். வராந்தாவுல எடை இருக்கிற எதுவுமே இல்ல. ரெண்டு விளக்கு, ஒரு கார்ப்பெட். எது மெஷினை இழுக்குதுன்னே தெரியல."

"சரி, தெரியவே வேணாம். மொத்த கேமையும் முப்பதுக்குப் பூட்டிடு. முப்பதுன்னா ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு மடங்கு நேரம் கிடைக்கும். அந்த எடத்துலயும் லேட் ஆகாது. சீரா இருக்கும்ல?"

இருக்கும். அதுதான் கடுப்பு. அறுபதுல ஓடி நடுவுல தடுக்குறதைவிட, மொத்தமும் முப்பதுல ஒரே சீரா போனா கண்ணுக்கு ஸ்மூத்தாதான் தெரியும். மூளைக்கு வேகம் பெருசு இல்ல, தாளம் தப்பக் கூடாது, அவ்ளோதான். அண்ணன் கடைசியா போட்ட சண்டையில அவன்தான் ஜெயிச்சிருக்கான்னு அந்த நேரத்துல ஒறைச்சுது.

"முப்பது வேணாம் பாஸ், பல்லு கூசும். டைம் குடுங்க, என்னன்னு கண்டுபிடிச்சு எடுத்துடறேன்."

"எடுத்துடறேன்"னு நான் சொன்னதும் அண்ணி என்னைப் பாத்தாங்க. மீட்டிங் முடிஞ்சு படிக்கட்டுல பிடிச்சுக்கிட்டாங்க.

"தொடாத அதை."

"அண்ணி, நான் தொடலன்னா பாஸ் முப்பதுக்குப் பூட்டுவாரு. அப்பவும் அது போயிடும். எப்படிப் பாத்தாலும் போயிடும்."

"ரெண்டும் பண்ணாத. இப்படியே அனுப்பு."

"இப்படியே அனுப்பித்தானே திரும்பி வந்துச்சு."

கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மேல இருந்து யாரோ எறங்குற சத்தம், நாங்க ரெண்டு பேரும் ஓரமா ஒதுங்கி வழி விட்டோம். ஆள் போனதும் மெதுவா சொன்னேன், "இப்ப இருக்கிற காப்பியை உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சுத் தரேன் அண்ணி. வீட்டுலயே வெச்சுக்கோங்க. எப்ப வேணா போய் நிக்கலாம்."

"லூசா நீ? வீட்டுல போட்டோ இல்லையா, அவரு சட்டை இல்லையா? அது போதாதா எனக்கு மட்டும்னா?" குரல் ஒடையல, கோவம்தான் இருந்துச்சு. "இந்த லாட்ஜை அவரு கட்டினாரு. முகம் தெரியாத யார் யாரோ நடக்கப் போறாங்க. அவங்க எல்லாம் அந்த எடத்துல ஒரு நொடி நிக்கணும்டி. ஏன்னு தெரியாமலே நிக்கணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது. அது கூடவா அதிகம்?"

நான் வேகத்தைப் பாக்குறவ. ஒரு தடங்கலைக் காப்பாத்திக் குடுன்னு என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல.

தேதி வந்துடுச்சு. அன்னைக்கு மதியத்துக்கு முன்னாடி நான் கடைசியா ஒண்ணு பண்ணேன். முன்னாடியே பண்ணியிருக்கணும்னு தோணும். என்னவோ தெரியல, வராந்தாவுக்குள்ளயே தேடிட்டு இருந்தேனே தவிர, வெளிய போய்ப் பாக்கணும்னு தோணவே இல்ல.

நாங்க ஆபீஸ்ல ஓட்டுற காப்பியில ஒரு வசதி உண்டு. யாரு விளையாடினாலும், எந்தப் பட்டனை எப்ப அழுத்தினாங்கன்னு தானா பதிவாகிடும். அதைத் திரும்ப ஓட்டினா அதே நடை அப்படியே நடக்கும். நான் கேமராவைக் கழட்டி எங்க வேணா பறக்கலாம், கூரைக்கு மேல, தரைக்குக் கீழ. அண்ணி முந்தின நாள் மத்தியானம் நடந்ததை எடுத்து ஓட்ட விட்டுட்டு, நான் கேமராவோட அந்த மொட்டைச் சுவருக்குள்ள நேரா நுழைஞ்சேன்.

அங்க ஒரு ரூம் இருந்துச்சு.

கதவே இல்லாத ரூம். பாதி பெயின்ட் அடிச்சு விட்டிருந்தான். நடுவுல ஒரு நாற்காலி. அதுக்குப் பின்னாடி சுவரு முழுக்க ஒரு கண்ணாடி.

பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆரம்பத்துல இந்த வராந்தாவுல கண்ணாடி ரூம் ஒண்ணு வைக்கணும்னு பேச்சு இருந்துச்சு. கேம்ல கண்ணாடின்னா மெஷினுக்கு ரெட்டை வேலை, எதிர்ல இருக்கிறது எல்லாத்தையும் இன்னொரு தடவை வரையணும். பாஸ் வேணாம்னுட்டாரு. "எடுத்துட்டேன் பாஸ்"னு அண்ணன் சொன்னான். எடுக்கல. கதவு இருந்த எடத்துல ஒரு சுவத்தை வெச்சு மூடிட்டான். இது எங்க தொழில்ல எல்லாரும் பண்ற கூத்து. கஷ்டப்பட்டுச் செஞ்சதைத் தூக்கிப் போட மனசு வராது, பின்னாடி தேவைப்படும்னு மூடி வெச்சுடுவோம். மூடினவன் கண்ணாடியை அணைக்க மறந்துட்டான். யாராவது பக்கத்துல வந்தா அது முழிச்சுக்கும். அவங்களுக்குத் தெரியாது, அதுபாட்டுக்கு வரைஞ்சுட்டே இருக்கும்.

அவ்ளோதான். மறந்துபோனது. செய்தியும் இல்ல, ரகசியமும் இல்ல.

சிரிப்புதான் வந்துச்சு. அட முட்டாளேன்னு வாய்விட்டே சொன்னேன். அப்புறம் கேமராவைத் திருப்பினேன், திரும்பி வெளிய போகலாம்னு.

சுவரே இல்ல.

கேம் சுவத்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு. ஆளுங்க பாக்குற பக்கத்துக்கு மட்டும்தான் மேல்பூச்சு, பின்பக்கத்துல இருந்து பாத்தா வெறும் காத்து. எனக்குத் தெரியாத விஷயமே இல்ல. ஆனாலும் கேமராவை அங்கயே நிறுத்தினேன். ஏன்னா அந்த ரூம்ல இருந்து பாத்தா வராந்தா முழுசும் தெரியுது, அந்தக் கடைசி விளக்கு வரைக்கும். நாற்காலியும் அந்தப் பக்கம் பாத்துத்தான் போட்டிருக்கு. கண்ணாடி இவ்ளோ கனமா ஏன் இழுத்துச்சுன்னும் அப்பதான் பிடிபட்டுச்சு. வெறும் ரூமை அது வரையல. மூணாவது மாடி மொத்தத்தையும் வரைஞ்சுட்டு இருந்துச்சு.

அந்த வராந்தாவுல அண்ணி வந்தாங்க.

அண்ணின்னா, ஆட்டக்காரரோட உருவம். விளையாடுறவங்க கண்ணுல அது படவே படாது, அதனால மூஞ்சியே செய்யல. தொப்பி மூடின மழைக்கோட்டு, உள்ள இருட்டு. அது நடந்து வந்துச்சு. நின்னுச்சு. என் பக்கம் திரும்புச்சு. நடுவுல சுவரே இல்லாத மாதிரி, நேரா என்னைப் பாத்துட்டு நின்னுச்சு. ஒரு எட்டு பின்னாடி, ஒரு எட்டு முன்னாடி. முன்னாடி வரும்போதெல்லாம் ஒரு தடவை விசுக்குனு இழுத்துச்சு. மறுபடி பின்னாடி. மறுபடி. திருப்பிப் பாத்தா, எனக்குப் பின்னாடி கண்ணாடியிலயும் அதே உருவம் அதையே பண்ணிட்டு இருந்துச்சு.

ஆபீஸ்ல நல்ல வெயில். ஜன்னல் பக்கத்து மேஜையில தாடி ஏதோ பாட்டை மூக்காலயே பாடிட்டு இருந்தான். நான் அதுவரைக்கும், நாங்க எல்லாருமே, அந்த வராந்தாவுல அண்ணன்தான் இருக்கான்னு வெளையாட்டுக்கோ நெஜமாவோ பேசிட்டு இருந்தோம். இந்தப் பக்கத்துல இருந்து பாத்தா அப்படித் தெரியல. ரூம் சும்மா ரூம்தான். வந்து வந்து நிக்கிறது அதுதான், அந்த மூஞ்சி இல்லாத மழைக்கோட்டு.

அண்ணிகிட்ட காட்டலாமா கூடாதான்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். காட்டாம எடுத்தா திருட்டுத்தனம். கூப்பிட்டேன்.

வந்து என் நாற்காலி கைப்பிடியில சாஞ்சு பாத்தாங்க. ரூமைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், அவன் மறந்ததைச் சொன்னேன். அண்ணிக்கு லேசா சிரிப்பு வந்துச்சு. "எடுத்துட்டேன்னு என்கிட்டயும் சொன்னாருடி. குப்பையைக்கூட இப்படித்தான், கட்டிலுக்கடியில தள்ளிட்டுப் பெருக்கிட்டேம்பாரு."

அப்புறம் நான் கேமராவைத் திருப்பினேன்.

அண்ணி என் தோளைப் பிடிச்சாங்க.

"யாருடி இது?"

"நீங்கதான் அண்ணி. நேத்து மத்தியானம்."

உருவம் முன்னாடி வந்துச்சு, இழுத்துச்சு, பின்னாடி போச்சு.

"இவ ஏன் இப்படி நிக்கிறா?"

அண்ணி இன்னும் கிட்ட குனிஞ்சாங்க.

"எவ்ளோ நேரம் நிப்பா?"

"லஞ்ச் முடியற வரைக்கும்."

"போகச் சொல்லு."

"பதிவுதானே அண்ணி, நான் எப்படி..."

"போகச் சொல்லுடி அவளை." என் தோளைப் பிடிச்சிருந்த கை இறுகிடுச்சு. "உள்ள அவரு இருந்திருந்தா தினம் இதைத்தானே பாத்திருப்பாரு? ஒண்ணும் சொல்ல முடியாம, எந்திரிச்சு வரவும் முடியாம. பாவம்டி அவரு."

நான் பதிவை நிறுத்தினேன். அண்ணி கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்து மெஷின்ல உக்காந்தாங்க. ஹெட்போனை எடுத்தாங்க.

"கண்ணாடியை ஓடும்போதே அணைக்க முடியுமா?"

"முடியும். ஒரு பட்டன்தான்."

"நான் நடக்கறேன். நீ அணைச்சுடு. எப்ப அணைக்கிறேன்னு சொல்லாத. தெரிஞ்சா அங்க நின்னுடுவேன். நிக்காம அந்தக் கடைசிக்குப் போயிட்டேன்னா, அதோட விட்டுடறேன். நீ அனுப்பிக்கோ."

இது எங்க ஆபீஸ் வழக்கம்தான். ஒரு மாத்தம் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்கணும்னா, எது புதுசு எது பழசுன்னு சொல்லாமதான் விளையாட விடுவோம். சொன்னா அவ்ளோதான், எதிர்பாக்குற எடத்துல எல்லாருக்கும் ஜெர்க் தெரியும். கண்ணு அப்படி.

அண்ணி கேம்ல படியேறினாங்க. மூணாவது மாடி. என் ஸ்கிரீன்ல அவங்க மெஷினோட கோடு ஓடுது. ஒவ்வொரு படத்துக்கும் எவ்ளோ நேரம் ஆச்சுன்னு காட்டுற கோடு. சீரா இருந்தா தட்டையா போகும், தடுக்கினா முள்ளு மாதிரி எகிறும். வராந்தா ஆரம்பிச்சாச்சு. என் வெரல் பட்டன் மேல. அழுத்தணும். கால்வாசி தூரம். இப்ப அழுத்தணும். இப்ப.

வெரல் எறங்கல.

சத்தியமா எறங்கல. அண்ணன் கடைசியா இந்த ஒலகத்துல ஏதோ ஒண்ணை இழுத்துப் பிடிச்சுட்டு இருக்கான், அதை நான் ஒரு வெரலால விடுவிக்கணுமாம். அண்ணிக்கு மட்டும்தான் அவன் போனானா?

மொட்டைச் சுவர் வந்துச்சு. கண்ணாடி முழிச்சுது. கோடு எகிறுச்சு, முள்ளு மேல முள்ளு, ஸ்கிரீன் பாதி உயரத்துக்கு. நான் பக்கத்துல அவங்க மூஞ்சியைப் பாத்தேன்.

அண்ணி நிக்கல. திரும்பல. கண்ணு முன்னாடியே இருந்துச்சு, வெரல் முன்பக்கமே அழுத்திட்டு இருந்துச்சு. கடைசி விளக்குக்குக் கீழ போய்த்தான் கன்ட்ரோலரை வெச்சாங்க.

"எந்த எடத்துல அணைச்ச?"

"நடுவுல"ன்னேன்.

"தெரியவே இல்லடி." ஆச்சரியமா சொன்னாங்க. மறுபடி, "ஒண்ணுமே தெரியல"ன்னு சொல்லி மூச்சை விட்டாங்க. ஹெட்போனைச் சுருட்டி வெச்சுட்டு எந்திரிச்சாங்க. "ஏய் தாடி, சாப்பாட்டுல எனக்கு ஏதாவது மிச்சம் வெச்சியா, இல்ல டப்பாவையும் சேத்து முழுங்கிட்டியா?"

"வாங்க வாங்க"ன்னான் அவன், வாய் நெறைய சோத்தோட. "உங்களுக்குன்னு ஒரு எடம் காலியாவே வெச்சிருக்கோம், எனக்குக் காலை நீட்டக்கூட முடியல."

நான் மட்டும் அங்கயே இருந்தேன். அண்ணி இப்ப நடந்த நடையை எடுத்து, ரூம் உள்ள கேமராவை வெச்சு ஓட்டினேன். மழைக்கோட்டு அந்தக் கோடியில இருந்து வந்துச்சு. கிட்ட வந்துச்சு. ரெண்டு தடவை விசுக்கு விசுக்குனு இழுத்துச்சு. இந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பல. போயிடுச்சு. காலடிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு.

அதுக்கப்புறம்தான் அழுத்தினேன். கண்ணாடி சாம்பல் கலரா ஆச்சு. அதுல எதுவுமே இல்ல. கோடு தட்டை. முழுசா அறுபது, வழுக்கிட்டுப் போகுது, என் வாழ்க்கையில நான் பண்ணதுலயே சுத்தமான வேலை. பாஸ் வந்து பாத்துட்டு, "சபாஷ்மா, என்னம்மா இருந்துச்சு?"ன்னாரு. பழைய சாமான்னேன். அனுப்பினோம். ஓகே ஆச்சு. கேம் வெளிய வந்துடுச்சு.

இப்பவும் அண்ணி லிஃப்ட்ல ஏறுறது இல்ல, ஆனா சாப்பிட வர்றாங்க. தாடிகூட தினம் சண்டை. மூணாவது மாடியைப் பத்திப் பேசறதே இல்ல. நான்தான் ஊர்ல யார் யாரோ எங்க கேமை விளையாடி நெட்ல போடுற வீடியோவை எல்லாம் ஒண்ணு விடாம பாக்குறேன். கதையைப் பாக்க மாட்டேன். நேரா மூணாவது மாடி வராந்தாவுக்குத் தள்ளிட்டுப் போய்ப் பாப்பேன். எல்லாரும் நடந்து போயிடுறாங்க. வழுக்கிட்டு. ஒருத்தரும் நிக்கல.

ஒரு பையன் வீடியோ மட்டும். அவன் யாரோ, எந்த ஊரோ. வளவளன்னு பேசிட்டே நடக்கறான், மொட்டைச் சுவருகிட்ட வந்ததும் பேச்சு நிக்குது. ஒரு எட்டு பின்னாடி வரான். சுவத்தைத் திரும்பிப் பாக்குறான். "இங்க ஏதோ லேசா இழுத்துச்சுல்ல?"ன்னு தனக்குத்தானே கேக்குறான். கொஞ்ச நேரம் நிக்கிறான். அப்புறம் "சரி விடு"ன்னு போயிடுறான்.

அந்தத் துண்டை எடுத்து ஒவ்வொரு படமா தள்ளித் தள்ளிப் பாத்துட்டேன். எந்தப் படமும் ரெண்டு தடவை வரல. ஒண்ணுகூட லேட் இல்ல. அங்க ஒண்ணுமே நடக்கல.

அண்ணிக்கு அனுப்பலாம்னு அந்த வீடியோவை எடுத்து வெச்சிருக்கேன். இன்னும் அனுப்பல. அந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜையில இருந்து, "ஏ ஜெர்க்கு, வர்றியா இல்லையாடி?"ன்னு கத்துறாங்க.